மூலிகையைச் சமைப்பது குடல் பாக்டீரியா

கேள்வி இது: "அம்மாவுக்கு 58 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறார். மலச்சிக்கல், வயிற்று உப்புசம் என்று அடிக்கடி சொல்வார். சொந்தக்காரர் ஒருவர் சொன்னார் என்று திரிபலா, கர்க்குமின், பெர்பெரின் என மூன்று கேப்சூல் வாங்கி வைத்திருக்கிறார். மூன்று டப்பாவிலும் 'குடலின் நல்ல பாக்டீரியாவை வளர்க்கும்' என்று போட்டிருக்கிறது. இது உண்மையா? மூலிகைதானே, கெடுதல் ஒன்றும் வராதே?"

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மூன்றுக்கும் குடல் பாக்டீரியாவோடு தொடர்பு உண்டு. அந்த அளவுக்கு டப்பாவில் போட்டிருப்பது பொய்யில்லை. ஆனால் 'நல்லதை வளர்க்கும்' என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு மனிதர்களிடம் ஆய்வு நடக்கவில்லை. மரமஞ்சளில் இருக்கும் பெர்பெரினை டாக்டரிடம் கேட்காமல் அம்மா தொடக்கூடாது. மஞ்சளிலிருந்து எடுக்கும் கர்க்குமின் கேப்சூல், நானாக இருந்தால் தொடங்கமாட்டேன். திரிபலா பரவாயில்லை, அதுவும் அளவோடு. ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும்.

மூலிகை பாக்டீரியாவை என்ன செய்கிறது என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். பல மூலிகைகளில் அதற்கு முன்பே இன்னொன்று நடந்துவிடுகிறது. பாக்டீரியா மூலிகையை உடைத்து, மாற்றி, வேறொரு பொருளாக்கிவிடுகிறது. நம் உடம்பில் வேலை செய்வது பெரும்பாலும் அந்த வேறொரு பொருள்தான்.

இதற்கு எங்கள் பக்கத்துச் செடி ஒன்றே போதும். நிலாவாரை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளைந்து, தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறிய இலை. உலகச் சந்தையில் இதன் பெயர் 'டின்னவெல்லி சென்னா'. வெள்ளைக்காரர் வாயில் திருநெல்வேலி எப்படி நுழைந்ததோ அப்படியே மருந்து நூல்களிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் சென்னா மாத்திரையும் இந்த இலையின் சரக்குதான். எங்கள் பாட்டி இரவு படுக்கும் முன் நிலாவாரைப் பொடியை வெந்நீரில் கரைத்துக் கொடுப்பார். காலையில்தான் வேலை நடக்கும். நடுவில் எட்டு மணி நேரம் அந்தப் பொடி என்ன செய்துகொண்டிருந்தது என்று வீட்டில் யாரும் யோசித்ததில்லை.

1941இல் சுவிட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டோலும் அவருடைய குழுவினரும் இந்த இலையிலிருந்து சென்னோசைடு என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். சர்க்கரை ஒட்டிய மூலக்கூறு அது. சர்க்கரை ஒட்டியிருக்கும் வரை அதற்குக் குடலைத் தூண்டும் திறன் இல்லை. ஒட்டை வெட்டிவிடுகிற நொதி நம் வயிற்றிலும் சிறுகுடலிலும் இல்லை. அதனால் இரைப்பையைத் தாண்டி, சிறுகுடலைத் தாண்டி, வந்தது வந்தபடியே பெருங்குடலுக்கு வந்து சேர்கிறது. அங்கே கோடிக்கணக்கில் குடியிருக்கும் பாக்டீரியாக்களில் சில அந்தச் சர்க்கரையைக் கழற்றித் தின்கின்றன. மிச்சத்தை வேறு சில மாற்றி ரெயின் ஆந்த்ரோன் என்ற பொருளாக்குகின்றன. குடலைச் சுருங்கி விரிய வைப்பதும், மலத்திலிருந்து தண்ணீர் திரும்ப உறிஞ்சப்படாமல் தடுப்பதும் இந்த ரெயின் ஆந்த்ரோன்தான். இவ்வளவும் நடந்து முடிய ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம். இரவில் குடித்தது காலையில் கேட்கும் கணக்கு இதுதான்.

பாட்டி கொடுத்தது பாதி மருந்துதான். மீதிப் பாதியைச் செய்தது என் குடலில் இருந்தவை.

கற்றாழையிலும் இதே கதை. மடலை வெட்டியதும் தோலை ஒட்டி வடியும் மஞ்சள் நிறக் கசப்புப் பாலைக் காய்ச்சி இறுக்கினால் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கரியபோளம். அதிலுள்ள பார்பலோயின் என்ற பொருளை ஜப்பானிய ஆய்வாளர்கள் பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பேதி ஆகவில்லை. அதை உடைக்கத் தெரிந்த ஒரே ஒரு பாக்டீரியாவை எலிகளின் குடலில் குடியேற்றிவிட்டு மறுபடி கொடுத்தார்கள். கடுமையான பேதி. மருந்து அதேதான், உள்ளே ஆள் வந்ததுதான் வித்தியாசம். ஆன்டிபயாடிக் சாப்பிடும் நாட்களில் இந்த மாதிரி மருந்துகளின் வேகம் குறையலாம் என்று சொல்வதற்கும் காரணம் இதுவே.

எப்போதும் நல்லதற்கே நடக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். தொண்டை கரகரப்புக்கு வாயில் அடக்கிக்கொள்கிறோமே, அந்த அதிமதுரம். அதன் இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசினைக் குடல் பாக்டீரியா உடைத்துக் கிளைசிரெட்டினிக் அமிலம் ஆக்குகிறது. இது ரத்தத்தில் ஏறினால் உடம்பில் உப்பும் நீரும் தங்கும், பொட்டாசியம் இறங்கும், ரத்த அழுத்தம் ஏறும். எப்போதாவது ஒரு துண்டு மென்றால் ஒன்றுமில்லை. தினமும் மாதக்கணக்கில் பொடியாகச் சாப்பிட்ட பிரஷர்காரர்கள் இதனாலேயே ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு பிரஷரும் இருந்தால், இருமலுக்கென்று வாங்கும் கஷாயப் பொடியின் பின்பக்கத்தை ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

சரி, திரிபலாவுக்கு வருவோம். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய். மாலையில் கடுக்காய் சாப்பிடச் சொல்லும் வழக்கம் நம்மிடம் எத்தனை தலைமுறையாக இருக்கிறதோ. 'சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு' என்று, தோலை எடுத்துக்கொண்டு கொட்டையை எறியும் பக்குவமும் கூடவே வந்திருக்கிறது. கடுக்காயைக் கடித்தால் நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு இருக்கிறதே, அதுதான் விஷயம். டேனின் என்று சொல்லும் இந்தத் துவர்ப்புப் பொருட்களின் மூலக்கூறுகள் மிகப் பெரியவை. குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் நுழையும் அளவு அல்ல. குடலில் அவை உடைந்து எல்லாஜிக் அமிலம் வரும். அதுவும் சரியாக உறிஞ்சப்படாது. மறுபடியும் பெருங்குடல், மறுபடியும் பாக்டீரியா. கார்டோனிபாக்டர் போன்ற சில இனங்கள் எல்லாஜிக் அமிலத்தை எடுத்து யூரோலித்தின் என்ற சிறிய பொருளாக மாற்றுகின்றன. இது ரத்தத்துக்குள் தாராளமாகப் போகும். மாதுளையிலும் வால்நட்டிலும் இதே சமையல்தான் நடக்கிறது.

இதில் ஒரு சிக்கல். அந்தச் சமையல்காரர் எல்லோர் வீட்டிலும் இல்லை. ஸ்பெயினில் பல வருடங்களாக இதை ஆராய்கிறவர்கள் மனிதர்களை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். யூரோலித்தின் ஏ என்ற பொருளை மட்டும் உருவாக்குகிறவர்கள், அதோடு வேறு வகைகளையும் உருவாக்குகிறவர்கள், எதையுமே உருவாக்காதவர்கள். அவர்கள் பார்த்த மக்களில் சுமார் பத்தில் ஒருவர் கடைசி வகை. எவ்வளவு மாதுளை தின்றாலும் அவர்கள் ரத்தத்தில் யூரோலித்தின் தென்படாது. வயது ஏற ஏற முதல் வகையினர் குறைவதும் இரண்டாம் வகையினர் கூடுவதும் அங்கே தெரிந்தது. ஆக, உங்களுக்குச் சொன்ன சொந்தக்காரருக்குக் கடுக்காய் அமிர்தமாக இருந்தது என்பது உண்மையாகவே இருக்கலாம். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாமல் போவதும் உண்மையாகவே இருக்கலாம். இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை.

ஆளுக்கு ஆள் மட்டுமில்லை, ஊருக்கு ஊரும் மாறும். நான் வகுப்பில் எப்போதும் சொல்லும் உதாரணம் டிகாக்சின். இதயத்துக்குக் கொடுக்கும் பழைய மருந்து, டிஜிட்டாலிஸ் என்ற ஐரோப்பியச் செடியின் குடும்பத்திலிருந்து வந்தது. சிலர் குடலில் இருக்கும் எகர்தெல்லா லென்டா என்ற பாக்டீரியா இதைச் செயலிழக்க வைத்துவிடும். 1989இல் தென்னிந்தியர்களையும் நியூயார்க்வாசிகளையும் ஒப்பிட்ட ஒரு ஆய்வு வெளிவந்தது. இந்தியப் பக்கத்து வேலை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்களுடையது. நியூயார்க்கில் 36 சதவீதம் பேர் குடலில் டிகாக்சின் இப்படி மாற்றப்பட்டது. நம் பக்கத்தில் 14 சதவீதம்கூட இல்லை. அந்த 14க்குள்ளும் நகரத்தில் இருப்பவர்களிடம் அதிகம், கிராமத்தில் குறைவு. ஒரே மருந்து, ஒரே மில்லிகிராம். கலிபோர்னியாவில் ஒரு மூலிகை என்ன செய்தது என்று படித்துவிட்டு அப்படியே கோவில்பட்டிக்குக் கொண்டுவர முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். பருப்பும் காய்கறியும் அரிசியும் அதிகம் சாப்பிடும் இந்தியர்களின் குடலில் பிரிவோட்டெல்லா என்ற இனம் தூக்கலாக இருப்பதைப் பின்னால் வந்த ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. அமெரிக்கர்களுடைய தொடக்கப் புள்ளி வேறு, நம்முடையது வேறு.

இனி நீங்கள் கேட்டபடி, எதிர்த்திசை. மூலிகை பாக்டீரியாவை என்ன செய்யும்?

சில மூலிகைகள் அவற்றுக்குச் சாப்பாடு. வெந்தயத்தின் வழவழப்பு, தண்ணீர்விட்டான் கிழங்கின் மாவு போன்றவற்றில் நம்மால் செரிக்க முடியாத நார் இருக்கிறது. பாக்டீரியா அதைப் புளிக்க வைத்து, பெருங்குடல் சுவரின் செல்களுக்கு எரிபொருளாகும் சிறிய கொழுப்பு அமிலங்களைத் தருகிறது. ஆனால் சாப்பாடு என்றால் அளவு வேண்டும். நாள் ஒன்றுக்கு 25, 30 கிராம் நார் சாப்பிடச் சொல்லும் இடத்தில், அரை கிராம் கேப்சூல் எந்த மூலைக்கு? யானைப் பசிக்குச் சோளப்பொரி. 'ப்ரீபயாடிக்', அதாவது பாக்டீரியாவுக்குச் சாப்பாடு, என்று டப்பாவில் பெரிதாகப் போட்டிருந்தால், பின்னால் எத்தனை கிராம் என்று பாருங்கள். மில்லிகிராமில் எழுதியிருந்தால் சிரித்துவிட்டு வைத்துவிடலாம்.

சில மூலிகைகள் பாக்டீரியாவைக் கொல்லும். ஓமத்தில் இருக்கும் தைமால், பூண்டின் காரம், வேம்பின் கசப்பு எல்லாம் ஆய்வகத் தட்டில் பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுப்பவை. இது பெருமையாகச் சொல்லப்படுகிறது. ஆனால் கொல்லும் பொருளுக்கு நல்லவன் யார், கெட்டவன் யார் என்று அடையாள அட்டை பார்க்கத் தெரியாது. சிறுகுடலில் பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகும் ஒரு கோளாறுக்கு, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 104 நோயாளிகளைப் பார்த்த ஆய்வு ஒன்று 2014இல் வந்தது. மூலிகைக் கலவை எடுத்தவர்களில் 46 சதவீதம் பேருக்குச் சரியானது, ரிஃபாக்சிமின் என்ற ஆன்டிபயாடிக் எடுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு. 'மூலிகை ஜெயித்தது' என்று இதைப் பகிர்கிறவர்கள் இரண்டை விட்டுவிடுகிறார்கள். யாருக்கு எது என்று குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட ஆய்வு இல்லை அது. அப்புறம், ஆன்டிபயாடிக்குக்கு இணையாக ஒரு மூலிகை வேலை செய்கிறது என்றால் அதை ஆன்டிபயாடிக் போலவே மரியாதையாக, நாள் குறித்து எடுக்க வேண்டும். வருடம் முழுக்கக் காலையில் வெறும் வயிற்றில் என்பது அந்த மரியாதை ஆகாது.

மூன்றாவது வழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மலம் நகரும் வேகம். பெல்ஜியத்தில் 1,106 பேரின் குடல் பாக்டீரியாவை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். வயது, எடை, சாப்பாடு, மருந்து என்று எத்தனையோ காரணிகளைப் பார்த்ததில், ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வேறுபாட்டை அதிகம் விளக்கியது எது தெரியுமா? மலம் எவ்வளவு கெட்டி, எவ்வளவு இளக்கம் என்பது. வேகமாக ஓடும் ஆற்றில் ஒரு வகை மீன், தேங்கிய குளத்தில் வேறு வகை. திரிபலாவோ நிலாவாரையோ மலத்தை இளக்கினாலே பாக்டீரியாக் கணக்கு மாறும். அந்த மாற்றத்தை வைத்துக்கொண்டு 'மூலிகை நல்ல பாக்டீரியாவை வளர்த்தது' என்று எழுதிவிடலாம். ஒரு விளக்கெண்ணெய் பேதிக்கும் அப்படி எழுதலாம்.

ஆய்வுகளின் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். டப்பாக்காரர்கள் காட்டும் ஆதாரம் பெரும்பாலும் இரண்டு வகை. மலத்தைக் கரைத்துக் கண்ணாடிக் குழாயில் போட்டு மூலிகைப் பொடியைக் கலப்பது ஒன்று. எலிக்குக் கொடுப்பது இன்னொன்று. குழாயில் குடல் சுவர் இல்லை, பித்தநீர் ஓட்டம் இல்லை, நாம் சாப்பிடும் சாம்பார் இல்லை. எலியோ தன் புழுக்கையைத் தானே தின்னும் பிராணி. அதன் குடல் கணக்கே வேறு.

மனிதர்களிடம் நடந்தவை சில உண்டு. 2018இல் வந்த ஒரு சிறிய ஆய்வில் மஞ்சள் மாத்திரை 6 பேருக்கும், கர்க்குமின் மாத்திரை 5 பேருக்கும் எட்டு வாரம் கொடுத்தார்கள், இன்னும் சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. கர்க்குமின் எடுத்தவர்களிடம் காணப்பட்ட பாக்டீரியா இனங்களின் எண்ணிக்கை சராசரியாக 69 சதவீதம் கூடியது. விளம்பரத்துக்கு இந்த 69 போதும். ஐந்து பேர் என்பதை யார் போடப்போகிறார்கள்? ஐந்து பேரில் இரண்டு பேர் அந்த வாரம் கொய்யாப்பழம் அதிகம் சாப்பிட்டிருந்தால்கூடச் சராசரி புரண்டுவிடும். ஆய்வாளர்கள் நேர்மையாகவே, மாற்றம் ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபட்டது என்று எழுதியிருக்கிறார்கள். திரிபலாவுக்கும் 2020இல் அப்படி ஒன்று வந்தது. ஆரோக்கியமான 31 பேர், நான்கு வாரம். திரிபலா, மஞ்சிட்டி என்ற இன்னொரு மூலிகை, வெற்று மாத்திரை என்று மூன்று குழு. அங்கேயும் அதே விடை. ஒவ்வொருவர் குடலும் தன்போக்கில் பதில் சொன்னது. எல்லோருக்கும் பொதுவாக இது வளரும், இது குறையும் என்று சொல்ல முடியவில்லை.

இந்தக் கூட்டத்தில் தனியாக நிற்பது பெர்பெரின். இதைப் பற்றிப் பேசாமல் விட முடியாது, ஏனென்றால் மூன்று டப்பாவில் உண்மையிலேயே மருந்து என்று சொல்லத்தக்கது இதுதான். நம் நாட்டு மருந்துக் கடையில் மரமஞ்சள் என்று கேட்டால் மஞ்சள் நிறத் தண்டுத் துண்டு கொடுப்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் அளவுக்கு மீறி வெட்டப்பட்டு அருகிப்போன கொடி அது. சமையல் மஞ்சளோடு எந்த உறவும் இல்லை, நிறத்தைத் தவிர. அதன் மஞ்சளுக்குக் காரணமே பெர்பெரின். வட இந்தியாவில் இதற்குப் பதில் இமயமலைப் புதர் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். சீனாவில் வேறொரு செடியின் வேர். சீன மருத்துவத்தில் வயிற்றுப்போக்குக்குக் கொடுத்து வந்த சரக்கு. கவனியுங்கள், வயிற்றுப்போக்கை நிறுத்த. பாக்டீரியாவை அடக்கும் பொருள் என்பதால்தான் அது வேலை செய்தது. அதையே இப்போது 'பாக்டீரியாவை வளர்க்கும்' என்று விற்கிறார்கள்.

வாயில் போடும் பெர்பெரினில் மிகச் சிறிய பங்குதான் ரத்தத்துக்குப் போகிறது. குடல் பாக்டீரியா அதை டைஹைட்ரோபெர்பெரின் என்ற எளிதில் உறிஞ்சப்படும் வடிவத்துக்கு மாற்றிக் கொடுப்பதாக 2015இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிறகு 2020இல் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. சீனாவில் 20 மையங்கள், புதிதாகச் சர்க்கரை கண்டறியப்பட்ட 409 பேர், 12 வாரம். எல்லோருக்கும் முதலில் ஒரு வாரம் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடலைத் துடைத்துவிட்டு, பிறகு ஒரு சாராருக்குப் பெர்பெரின், ஒரு சாராருக்கு ப்ரோபயாடிக் (உயிருள்ள பாக்டீரியாவையே மருந்தாக), ஒரு சாராருக்கு இரண்டும், ஒரு சாராருக்கு வெற்று மாத்திரை. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி, பெர்பெரின் குழுவில் ஏறக்குறைய 1 புள்ளி இறங்கியது. வெற்று மாத்திரையில் 0.59. ப்ரோபயாடிக் மட்டும் எடுத்தவர்களுக்கு வெற்று மாத்திரையைவிட அதிகமாக ஒன்றும் நடக்கவில்லை. விலை உயர்ந்த ப்ரோபயாடிக் பாட்டில் வாங்குகிறவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கலாம்.

பெர்பெரின் எப்படிச் செய்தது என்றும் பார்த்தார்கள். ருமினோகாக்கஸ் ப்ரோமி என்ற பாக்டீரியா, பித்த அமிலம் ஒன்றை இன்னொன்றாக மாற்றும் வேலையைப் பெர்பெரின் தடுத்தது. பித்த அமிலக் கணக்கு மாறியதும் சர்க்கரைக் கணக்கு மாறியது. ஒரு பாக்டீரியாவின் கையைக் கட்டிப்போட்டதால் கிடைத்த பலன் இது. வளர்த்ததால் இல்லை.

சரி, நன்றாகத்தானே இருக்கிறது, அம்மாவுக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். சர்க்கரையை இறக்கும் திறன் நிஜம் என்பதால்தான் பயப்படுகிறேன். ஏற்கெனவே மெட்ஃபார்மின் எடுக்கிறார். கூடவே கிளிமிபிரைடு போன்ற வேறு சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் சர்க்கரை சடாரென்று இறங்கலாம். பெர்பெரினின் முக்கியமான பக்கவிளைவுகள் வயிற்று உபாதையும் மலச்சிக்கலும். அம்மா முறையிடுவதும் அதையேதான். கல்லீரலில் பல மருந்துகளை உடைக்கும் நொதியையும் இது தடுக்கிறது. சிறுநீரகம் மாற்றியவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் ரத்தத்தில் ஏறிவிடுவது தெரிந்த விஷயம். கர்ப்பிணிகளும் பிறந்த குழந்தைகளும் இதன் பக்கமே போகக்கூடாது.

இன்னொன்று. மெட்ஃபார்மினே குடல் பாக்டீரியாவை மாற்றும் மருந்து. சர்க்கரை நோயாளிகளின் குடல் பாக்டீரியா வேறு மாதிரி இருக்கிறது என்று முதலில் சொன்னவர்கள், அதில் ஒரு பெரும்பகுதி நோயால் வந்ததல்ல, மெட்ஃபார்மினால் வந்தது என்று 2015இல் தெரிந்ததும் கணக்கைத் திருத்த வேண்டியிருந்தது. அம்மாவின் உப்புசத்துக்கேகூட மெட்ஃபார்மின் காரணமாக இருக்கலாம். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினாலோ, சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தாலோ பலருக்கு அடங்கிவிடுகிறது. மூன்று கேப்சூல் வாங்குவதற்கு முன் டாக்டரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

கர்க்குமின் ஏன் வேண்டாம் என்கிறேன்? மஞ்சள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, வீட்டில் மஞ்சள் போடாத குழம்பு இல்லை. கணக்கைப் பாருங்கள். மஞ்சள்தூளில் கர்க்குமின் 3 சதவீதம் அளவில் இருக்கும். அரை டீஸ்பூன், அதாவது ஒன்றரை கிராம் தூளில் 45 மில்லிகிராம். அதை வீடே பங்கு போட்டுக்கொள்கிறது. 500 மில்லிகிராம் கேப்சூலில் 95 சதவீதம் கர்க்குமின் என்றால் 475 மில்லிகிராம், ஒரே ஆளுக்கு, ஒரே விழுங்கில். நம் பாட்டி காலத்திலிருந்து சாப்பிடுகிறோம் என்ற நியாயம் இந்த அளவுக்குப் பொருந்தாது. பாட்டி இதைச் சாப்பிட்டதே இல்லை.

குடலில் கர்க்குமினுக்கும் அதே கதிதான். ஈ.கோலை பாக்டீரியாவில் கர்க்குமினை மாற்றும் ஒரு நொதியையே ஜப்பானில் 2011இல் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். உறிஞ்சப்படாமல் அடிவரை போகும் பொருள் என்பதால் பாக்டீரியாவோடு அதற்கு நிறையப் பேச்சுவார்த்தை நடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கம்பெனிகள் அதை உறிஞ்ச வைக்கப் படாதபாடு படுகின்றன. 1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில், 2 கிராம் கர்க்குமினோடு மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தால் ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடுகிறது என்று கண்டார்கள். அன்றிலிருந்து கர்க்குமின் டப்பா என்றால் பைப்பரினும் உண்டு. ரத்தத்துக்குள் போய்விட்டால் பெருங்குடல் பாக்டீரியாவுக்கு எது மிச்சம்? ஒரே டப்பாவில் 'நன்றாக உறிஞ்சப்படும்' என்றும் 'குடல் பாக்டீரியாவுக்கு நல்லது' என்றும் இருந்தால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கேட்கலாம். பைப்பரின் கர்க்குமினுக்கு மட்டும் கதவைத் திறப்பதும் இல்லை; உடம்பு மருந்துகளை வெளியேற்றும் வழியை அடைப்பதால் மற்ற மாத்திரைகளின் அளவும் ரத்தத்தில் ஏறக்கூடும். அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்யும் அமைப்பில் 2004 முதல் 2022 வரை மஞ்சள் சப்ளிமென்ட்டால் கல்லீரல் கெட்ட 10 பேர் பதிவாகியிருந்தார்கள். 10 பேரில் 7 பேருக்கு ஒரே மரபணு வகை இருந்தது. அரிது என்பது சரி. ஆனால் அந்த மரபணு தனக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு யாரும் கேப்சூல் வாங்குவதில்லை.

இப்போது அம்மாவுக்கு. மலச்சிக்கல் எத்தனை நாளாக என்று முதலில் கேளுங்கள். பல வருடப் பழக்கம் என்றால் ஒன்று. ஆறு மாதத்துக்குள் புதிதாக வந்தது, எடை குறைகிறது, மலத்தில் ரத்தம், ரத்தசோகை என்றால் இது மூலிகைக் கேள்வியே இல்லை, டாக்டரிடம் போய்ப் பெருங்குடலைப் பார்க்க வேண்டும். தைராய்டு பார்த்திருக்கிறாரா? கால்சியம், இரும்பு மாத்திரை எடுக்கிறாரா? இரண்டும் மலத்தைக் கட்டிவைக்கும்.

அதெல்லாம் சரி என்றால் இசப்கோலில் தொடங்கலாம். குஜராத்தின் உஞ்சா சந்தை வழியாக உலகம் முழுக்கப் போகும் உமி. கேப்சூல் கணக்கில் இல்லாமல் ஸ்பூன் கணக்கில் எடுப்பதால் நார் என்று சொல்லும்படி ஏதோ உள்ளே போகிறது. பாக்டீரியா இதை மெதுவாகவும் அரைகுறையாகவும்தான் புளிக்க வைக்கும், அதனால் வாயுத் தொல்லை குறைவு. முதலில் ஒரு டீஸ்பூன், பெரிய டம்ளர் தண்ணீரோடு. தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே உப்பிக்கொள்ளும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடட்டும்.

திரிபலா வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டால், கேப்சூலைவிடச் சூரணம் மலிவு, அளவும் கண்ணுக்குத் தெரியும். இரவில் அரை டீஸ்பூன் வெந்நீரில். இசப்கோலையும் அதையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். இரண்டு வாரம் ஒன்று, பிறகு மற்றது. எது வேலை செய்தது என்று அப்போதுதான் தெரியும். நிலாவாரையை வாரத்தில் ஒரு நாள் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தினசரி வழக்கமாக்க வேண்டாம். நீண்ட நாள் எடுப்பவர்களின் பெருங்குடல் உள்தோல் கறுத்துப்போவதை எண்டோஸ்கோப்பியில் பார்க்கலாம். அது புற்றுநோய் ஆகாது, மருந்தை நிறுத்தினால் மாறிவிடும். ஆனாலும் உள்ளே வருடக்கணக்கில் என்ன நடந்தது என்பதற்கு அது ஒரு கையெழுத்து.

இனி நீங்கள் கேட்காத ஒரு கேள்வி, ஆனால் அடுத்து வரப்போவது: மலத்தை அனுப்பிக் குடல் பாக்டீரியாவைச் சோதிக்கும் கிட் வாங்கலாமா? ஆயிரக்கணக்கில் செலவாகும், கலர் கலராக ரிப்போர்ட் வரும், அதை வைத்து இந்த மூலிகை எடு, அதை நிறுத்து என்று சொல்லும் அறிவு இன்னும் யாரிடமும் இல்லை. அந்தப் பணத்தில் ஒரு வருடத்துக்கு இசப்கோல் வரும்.

அடுத்த முறை அம்மா சர்க்கரை டாக்டரிடம் போகும்போது மூன்று டப்பாவையும் பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். 'ஏதோ மூலிகை மாத்திரை சாப்பிடுகிறேன்' என்று வாயால் சொன்னால் டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். பின்பக்கத்துப் பொடி எழுத்தில் பெர்பெரின் எத்தனை மில்லிகிராம், பைப்பரின் எத்தனை மில்லிகிராம் என்று கண்ணில் பட்டால்தான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். கர்க்குமினை ஏற்கெனவே தொடங்கியிருந்தால், சிறுநீர் காபி நிறத்தில் போகிறதா, கண் மஞ்சளாகிறதா, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் அன்றே நிறுத்திவிட்டுக் கல்லீரல் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள்.